ஒரு பீடி நேரம்

பயம் என்கிற ஒன்று நுழையாத மனித உடம்பு ஆசியாக் கண்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது முதலியார்பேட்டையில், மில் சங்கு ஊதினால் கூரைத் தகரம் அதிர்கிற தூரத்தில், ஒரு சோடாக் கம்பெனிக்குள் குடியிருக்கிறது. இந்தத் தகவலை உலகத்துக்கு அளித்தவர் அந்த உடம்பின் சொந்தக்காரர் கோவிந்தராசு. மறுத்துப் பேச ஆள் இல்லை. ஆசியாக் கண்டம் முழுவதும் பார்த்துவிட்டு வந்தவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு காஸ் சிலிண்டர், பாட்டிலை உள்ளே வைத்துச் சுழற்றுகிற இரும்புக் கூண்டு, கழுத்தில் கோலிக்குண்டு உருளும் பச்சைப் பாட்டில்கள், கோவிந்தராசு. விடிந்ததும் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பார். வேட்டித் துணியை நாலாய் மடித்து வடிகட்டுவார். பாட்டிலை நிரப்பி, கூண்டில் மாட்டி, காஸைத் திறந்து, கைப்பிடியைச் சுற்றுவார். எப்போதாவது ஒரு பாட்டில் வெடிக்கும். வெடித்தால் அவர் நகரமாட்டார், கண்ணையும் சிமிட்டமாட்டார். சிமிட்டவில்லை என்பதை நாம் கவனித்தோமா என்று மட்டும் திரும்பிப் பார்ப்பார். வெயில் ஏறுவதற்குள் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போவார். மூட்டை தூக்குகிறவர்களும், மீன் விலை கூவித் தொண்டை கட்டியவர்களும் அவருடைய வாடிக்கை.

"காஸு பட்டுச்சின்னா எந்தப் பூச்சியும் உசுரோட நிக்காது" என்பது அவருடைய வியாபார வாசகம்.

நான் எதிர்வீடு. எண்பத்தொன்றாம் வருஷத்துக் கோடை, கல்லூரி விடுமுறை. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்தால் வேலை சொல்வார்கள் என்பதால் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிடுவேன். பேண்ட் போட்டவன் என்பதால் கோவிந்தராசு என்னை "முசே" என்று கூப்பிடுவார். பிரெஞ்சுக்காரன் போன பிறகு அந்த மரியாதையை யாருக்காவது கொடுத்துத் தீர்க்கவேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

"ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான் முசே" என்று ஆரம்பிப்பார். "நாங்க ஹார்பர் கூலி. எங்க மாமன் சாமிக்கண்ணு, அவர கட்டிகினு வந்த எங்க அக்கா ராஜாம்பா, நானு, இன்னும் நம்ம பக்கத்து ஆளுங்க. ப்ரோம் டவுன் வரைக்கும் வண்டி கெடைச்சிது. அப்புறம் காடு. அதுக்கப்புறம் மலை. நடைதான். வழியெல்லாம் காலரா. ஓடைக்கு ஓடை பொணம். குனிஞ்சி தண்ணி குடிச்சவன் குனிஞ்சபடியே கெடப்பான்."

"நீங்க குடிக்கலியா?"

"குடிக்காம மலை ஏறுவியா நீ? அதுக்குத்தான் எங்க மாமன் ஒரு சட்டம் போட்டாரு. புது ஓடை வந்தா ஒருத்தன் மொதல்ல குடிக்கணும். மத்தவங்க ஒரு பீடி நேரம் குந்திகினு அவன் மூஞ்சியப் பாக்கணும். ஒண்ணும் ஆவலன்னா எல்லாரும் குடிக்கலாம். அடுத்த ஓடைக்கு அடுத்த ஆள் முறை."

காலராக் கிருமி வேலையைக் காட்ட ஒரு பீடி நேரம் போதாது, பல மணி நேரமாகும், சமயத்தில் நாள்கூட ஆகும் என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"அந்த மலையில காலேஜு இல்ல முசே. இருந்திருந்தா சேர்ந்து படிச்சிருப்போம்."

"கடைசி ஓடையில யார் குடிச்சாங்க?"

"எங்க அக்கா."

"அவங்க முறையா?"

"அத எவன் கணக்கு வச்சான்? சோடா வேணுமா வேணாமா உனக்கு?" என்று ஒரு பாட்டிலை உடைத்து என் கையில் கொடுத்தார். இன்னொன்றை உடைத்துத் தன் தொண்டையில் கவிழ்த்துக்கொண்டார். "பயத்த அந்த ஓடையிலயே பொதைச்சிட்டு வந்தவன் நான். எங்க மாமன் அத மூட்டை கட்டித் தூக்கிகினு வந்துட்டாரு. பொண்டாட்டி எச்சத் தண்ணிய குடிச்ச ஆம்பள இந்தப் புதுச்சேரியில அவரு ஒருத்தருதான்."

இது தெருவுக்கே தெரிந்த விஷயம். சாமிக்கண்ணு வீடு கொட்டகைக்கு அடுத்தது. மில்லில் தறி ஓட்டி ஓய்ந்தவர். அந்த நடையின் மிச்சம் அவர் உடம்பில் வருஷம் தவறாமல் தலைகாட்டும். மழைக்காலம் பிறந்தால் குளிர்காய்ச்சல் வந்து கட்டிலோடு சேர்த்து ஆட்டும். உள்ளங்கால் வெடிப்பு எந்த மருந்துக்கும் மூடியதில்லை. தலைமாட்டில் ஒரு துணி மூட்டை எப்போதும் கட்டியபடி இருக்கும். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, ஒரு கரண்டி. எங்கே போகப் போகிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. கத்திரி வெயிலில் தெருவே கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் கரைத்துக் குடிக்கும்போது, அவர் மட்டும் களியாக உருட்டித் தின்பார். கூழில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவார்கள் அல்லவா.

தண்ணீர் குடிப்பதென்றால் ராஜாம்பாள் சொம்போடு வரவேண்டும். அவள் முதலில் நாலு மடக்கு குடிப்பாள். பிறகு எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாள், இல்லையென்றால் அரிசியில் கல் பொறுக்குவாள். கொஞ்சநேரம் கழித்து அவர் கை நீட்டுவார். அவள் கொடுப்பாள். பக்கத்து வீட்டு அஞ்சலாட்சி இதை மதில்மேல் தாடையை வைத்துப் பார்த்துவிட்டு, "புருசனுக்கு மொத வாய் குடுக்காதவ" என்று தெரு முழுக்க அறிவித்திருந்தாள். ராஜாம்பாள் அதற்குப் பதில் சொன்னதில்லை. வாய் நிறையத் தண்ணீர் இருக்கும்போது பதில் சொல்வது கஷ்டம்.

அந்தக் கோடைக்கு முந்தின மாசியில் ராஜாம்பாள் செத்துப்போனாள். கிடந்த நாட்களில் மருமகள் வேம்புவின் கையைப் பிடித்து, "மாமாவுக்குத் தண்ணி மட்டும் நீ பாத்துக்க கண்ணு" என்றிருக்கிறாள். வேம்பு கோவிந்தராசுவின் மகள். அத்தை மகன் காத்தவராயனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவள். அத்தை சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். மாமனாருக்கென்று தனிச் சொம்பு வைத்தாள். தினமும் புளி போட்டுத் தேய்த்தாள். முகம் பார்க்கலாம். பிள்ளைகள் யாரும் அதில் வாய் வைக்காதபடி உறி கட்டித் தொங்கவிட்டாள். மாமனார் குடிக்கிற பாத்திரத்தில் மருமகள் வாய் வைக்கிற வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. அதிலும் அவள் ஒருபடி மேலே போய், கொண்டுவரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

சாமிக்கண்ணு சொம்பைப் பார்ப்பார். பளபளப்பைப் பார்ப்பார். வேம்புவின் முகத்தைப் பார்ப்பார்.

"வச்சிட்டுப் போம்மா."

அவள் போன பிறகு வெளியே வந்து முருங்கை மரத்துக்கு ஊற்றிவிடுவார். அந்த வருஷம் முருங்கை காய்த்த காய்ப்பை அஞ்சலாட்சி எல்லோரிடமும் சொல்லி ஆச்சரியப்பட்டாள்.

பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் தெருக்குழாய்க்கும் நடந்தபடி இருப்பார். குழாயடியில் நின்று, பெண்கள் குடம் நிரப்புவதைப் பார்ப்பார். யாராவது கையேந்திக் குடித்தால் அவர்களையே உற்றுப் பார்ப்பார். ஒரு பெண் இதைத் தப்பாக எடுத்துக்கொண்டு குழாயடியில் சத்தம் போட, காத்தவராயன் வந்து அப்பனைக் கையைப் பிடித்து இழுத்துப் போகவேண்டியதாயிற்று.

"இன்னாப்பா இது, இந்த வயசுல?"

"வாய் காயுது."

"அப்ப வூட்ல குடி. குழாயடியில போயி நின்னா வாய் நனைஞ்சிடுமா?"

"குடிக்கிறேன் போ."

எப்படியோ ஒரு வழியைக் கண்டுபிடித்தார். அஞ்சலாட்சியின் வெள்ளாடு சந்தில் கட்டியிருக்கும். சாமிக்கண்ணு சொம்பிலிருந்து ஒரு பீங்கான் தட்டில் அதற்கு ஊற்றுவார். ஆடு குடிக்கும். அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆட்டின் முகத்தைப் பார்ப்பார். பீடி ஒன்று எரிந்து முடியும். பிறகு சொம்பில் மிச்சம் இருப்பதை மடமடவென்று குடிப்பார்.

பெண்டாட்டி போன பிறகு வாயில்லா ஜீவனுக்குத் தண்ணீர் வார்க்கிறார் என்று தெரு உருகியது. அஞ்சலாட்சியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ராஜாம்பா குடுத்து வச்சவ" என்றாள். கோவிந்தராசு மட்டும் கொட்டகையிலிருந்து பார்த்துச் சிரித்தார். "எங்கக்கா எடத்துல ஆட்ட வச்சிருக்காரு பாரு முசே. ஆளு எப்பிடி!" சிரித்த வேகத்தில் கைப்பிடியைக் கூடுதலாகச் சுற்றிவிட்டார். பாட்டில் வெடித்தது. அன்றைக்குக் கண்ணைச் சிமிட்டினார். நான் பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

சித்திரை நடுவில் கனகசெட்டிக்குளத்துக் கோயில் திருவிழாவுக்கு அஞ்சலாட்சி நேர்ந்துகொண்டபடி ஆட்டை ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கறியாகக் கொண்டுவந்து சாமிக்கண்ணு வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவர் அந்தக் குழம்பைத் தொடவில்லை. மிகுந்த பாசம் என்று தெரு இன்னும் கொஞ்சம் உருகியது.

அதற்குப் பிறகு கத்திரி. காற்று கடல் பக்கமிருந்து வரவேண்டிய நேரத்துக்கு வராமல் எங்கேயோ நின்றுவிட்டது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. சாமிக்கண்ணுவின் உதடு வெடித்தது. கால் வீங்கியது. மூத்திரம் சொட்டுச் சொட்டாக, காப்பி நிறத்தில் வந்தது. ஒரு காலை குழாயடிக்கு நடந்து போனவர் அங்கேயே மடிந்து விழுந்தார்.

ஆசுபத்திரியில் கை நரம்பில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். அதை அவர் மறுக்கவில்லை. பாட்டிலை வேறு யாருக்காவது முதலில் ஏற்றினார்களா என்று மட்டும் பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்திருக்கிறார். டாக்டர் காத்தவராயனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். துணைக்குப் போன நானும் நின்றேன்.

"வருஷக்கணக்கா உங்கப்பா தேவையான தண்ணி குடிச்சதேயில்லை. கிட்னி சுருங்கியிருக்கு. மிச்சமிருக்கிறதையாவது காப்பாத்தணும். இனிமே நிறையத் தண்ணி போகணும், வெறும் தண்ணி. சோடா கூடாது, இளநீர் கூடாது, உப்பு ஏறிடும். இதுக்கு மேல காஞ்சா, மழைக்காலம் பார்க்க மாட்டார்."

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நல்ல மத்தியானம். கூடத்தில் கயிற்றுக் கட்டில். காத்தவராயன் காலை ஷிப்டுக்குப் போகாமல் பனியனோடு நின்றான். வேம்பு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆற்றி, சொம்பில் கொண்டுவந்தாள். முந்தானை வாயில்.

"மாமா, கொஞ்சம் எந்திரிங்க. கொதிக்கவச்ச தண்ணிதான்."

"கொதிக்கவச்சிக் குடிச்சவனும் போனான்மா."

"எங்க போனான்? நீ இங்க வா மொதல்ல, வாயத் தொற" என்றான் காத்தவராயன். "டாக்டர் சொன்னது காதுல உழுந்திச்சா இல்லியா? செத்துடுவப்பா."

"இன்னிக்கி யார் குடிச்சது?"

வேம்புவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்ததைச் சந்தேகப்படுகிறாரே என்று நினைத்தாள்.

"ஐயோ, யாரும் குடிக்கல மாமா. யார் வாயும் படல. சத்தியமா. நானே வெளக்கி, நானே புடிச்சி, மூடி போட்டுக் கொண்டாந்தேன். சாமிக்கு எடுத்துவச்ச மாதிரி."

"யாரும் குடிக்கல."

"யாரும் குடிக்கல மாமா."

அவர் தலையை ஆட்டினார். சொம்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கை தலைமாட்டு மூட்டையைத் தடவிக் கண்டுபிடித்து அதன்மேல் நின்றது.

காத்தவராயனுக்குப் பொறுக்கவில்லை. சொம்பை எடுத்து, அப்பனின் தாடையைப் பிடித்து வாயில் ஊற்றினான். கிழவர் பல்லைக் கடித்தார். தண்ணீர் கழுத்து வழியாக வழிந்து கட்டிலில் ஊறியது. வேம்பு, "உடு, உடு, மூக்குல ஏறிடப்போவுது" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மதிலுக்கு மேலே அஞ்சலாட்சியின் தாடை வந்து உட்கார்ந்தது.

அந்த நேரத்தில்தான் மார்க்கெட்டிலிருந்து திரும்பிய கோவிந்தராசு சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். தலையில் துண்டு, கையில் ஒரு கோலிசோடா.

"இன்னா மாமோவ், இன்னும் மலையிலயே குந்திகினு கீறயா? எறங்கி வா. முத்தரையர்பாளையத்துத் தண்ணி அது. வெள்ளக்காரன் குழாய் போட்டுக் கொண்டாந்த தண்ணி. ஊரே குடிக்குது. அதுல இன்னா பயம்? என்னப் பாரு. நடந்தது ஒண்ணாத்தான, எனுக்கு இன்னா ஆச்சி?"

"மாமா, நீ வேற" என்றான் காத்தவராயன். "வந்ததுலேருந்து யார் குடிச்சது யார் குடிச்சதுங்கறாரு. யாரும் குடிக்கலன்னு இவ சொல்லச் சொல்ல, வாய மூடிகினாரு. புத்தி கலங்கிடுச்சி போல."

கோவிந்தராசு சோடாவைக் கீழே வைத்தார். உடைக்கவில்லை.

"யாரும் குடிக்கலன்னா சொன்ன?" என்று மகளைக் கேட்டார்.

"வேற எப்பிடிச் சொல்றது? அத்தை என்னத்தானே பாத்துக்கச் சொன்னாங்க. நான் எச்ச பண்ணியா குடுப்பேன்?"

"உங்க அத்த எச்ச பண்ணித்தான்டி குடுத்தா."

"அது அவங்க பொண்டாட்டி."

"பொண்டாட்டின்னு குடுக்கல" என்றார் கோவிந்தராசு. பிறகு மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மொதல்ல ஒரு ஆள் குடிக்கணும். மத்த ஆள் பாத்துகினு குந்தியிருக்கணும். அவ்ளோதான். அவ செத்த நாளா இவருக்கு யாரும் குடிச்சிக் காட்டல."

வேம்பு கட்டிலுக்குக் கீழே இருந்த சொம்பைப் பார்த்தாள். தினமும் புளி போட்டுத் தேய்த்த சொம்பு.

"இது தெரிஞ்சிகினேதான் கொட்டாயில குந்தி சிரிச்சிகினு இருந்தியா நீ?"

"விளையாட்டுக்குச் சொன்னதுடி."

"அப்ப நீ குடிச்சிக் காட்டு. பயமே இல்லாத ஆளாச்சே." அவள் சொம்பில் மறுபடி தண்ணீர் மொண்டு வந்து அப்பன்முன் நீட்டினாள். கோவிந்தராசுவின் கை நகரவில்லை. அவர் பார்வை தரையில் இருந்த சோடாவுக்குப் போனது. வேம்பு அதைக் கவனித்தாள். அவள் குரல் இறங்கியது. "யப்பா. நான் பொறந்ததுலேருந்து நீ ஒரு வாய் வெறுந்தண்ணி குடிச்சி நான் பாத்ததில்லியே."

நானும் யோசித்தேன். டீ பார்த்திருக்கிறேன். சாராயம் பார்த்திருக்கிறேன், அதில் அவர் சோடா கலப்பதையும். இளநீர் பார்த்திருக்கிறேன். சோறு விக்கினால்கூடச் சோடா. காஸ் பட்டால் எந்தப் பூச்சியும் உயிரோடு நிற்காது.

கட்டிலில் சாமிக்கண்ணு திரும்பினார். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கண் குழிந்திருந்தாலும் பார்வை தெளிவாக இருந்தது.

"உன் முறை அப்பிடியே நிக்குது கோயிந்தா" என்றார். குரலில் கோபம் இல்லை. "கடைசி ஓடையில நீ தூங்கற மாதிரி படுத்துகினே. அவ எழுந்து போயிக் குடிச்சா. சின்னப் பையன் தூங்கட்டும்னா."

அஞ்சலாட்சி மதிலிலிருந்து தாடையை எடுத்துவிட்டாள்.

கோவிந்தராசு தலைத்துண்டை அவிழ்த்தார். இரண்டு கையாலும் சொம்பை வாங்கினார். அண்ணாந்து ஊற்றிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் விளிம்பில் வாய் வைத்தார். தொண்டைக் குமிழ் ஒருமுறை ஏறி, அங்கேயே நின்றது. துப்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அது இறங்கியது. இன்னொரு மடக்கு. இன்னும் ஒன்று. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

சொம்பை இருவருக்கும் நடுவில் தரையில் வைத்து, கட்டிலுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இடுப்பிலிருந்து பீடியை எடுத்தார். தீக்குச்சி முதல் தடவை பற்றவில்லை. காத்தவராயன் வாங்கிக் கொளுத்திக் கொடுத்தான்.

சாமிக்கண்ணு முன்னால் சாய்ந்து மச்சினன் முகத்தையே பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒரு பீடி நேரம் போதாது என்பதை விலங்கியலில் நான் படித்திருக்கிறேன். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோவிந்தராசு புகையை வேகவேகமாக இழுத்தார்.

"வேகமா இழுக்காத" என்றார் சாமிக்கண்ணு.

பீடி விரலைச் சுடுகிற அளவுக்கு வந்தது. கோவிந்தராசு அதைத் தரையில் தேய்த்து அணைத்தார். சாமிக்கண்ணு கை நீட்டினார். வேம்பு சொம்பை எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை முந்தானை தோளில் கிடந்தது. அவர் குடித்தார். சொம்பு காலியாகும்வரை நிறுத்தவில்லை. முடித்ததும் மூச்சு வாங்கியது. "இன்னும் இருக்கா?" என்றார்.

"இருக்கு மாமா" என்று சொல்லி வேம்பு அடுப்படிக்குப் போனாள். அங்கே அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது.

மறுநாள் சோடாக் கம்பெனி நேரத்துக்குத் திறக்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து மூட்டைக்காரர் ஒருவர் வந்து பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று என்னைக் கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சாமிக்கண்ணு வீட்டு வாசலுக்குப் போனேன்.

நடுவில் ஈர விளிம்போடு சொம்பு. இந்தப் பக்கம் கட்டிலில் சாமிக்கண்ணு. அந்தப் பக்கம் குத்துக்காலிட்டு கோவிந்தராசு, கையில் பீடி.

"மார்க்கெட்ல தேடறாங்க" என்றேன்.

கோவிந்தராசு என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கட்டும் என்பதுபோல இன்னொரு கையைக் காட்டினார். பீடியை மெதுவாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.